"உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு சார்" - ஒரு திருட்டுத் தொழிலின் வரலாறு

"ஹலோ, நான் விண்டோஸ் டெக்னிகல் டிபார்ட்மென்ட்லேர்ந்து பேசுறேன். உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து எங்க சர்வருக்கு எர்ரர் மெசேஜா வந்து குவியுது."

இந்த ரெண்டு வரியை முதலீடா வச்சு ஒரு தொழிலே பதினஞ்சு வருஷத்துக்கு மேல நடந்துக்கிட்டிருக்கு மக்களே. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடான்னு இங்கிலீஷ் பேசுற ஊர்லயெல்லாம் வீட்டு போனுக்கு இந்த அழைப்பு போயிருக்கு. பேசின குரல்ல பெரும்பாலானது நம்ம நாட்டுக் குரல். அதனாலதான் இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடந்தது. நானும் பொட்டி தட்டிப் பொழைக்கிற ஜாதிதான். கிளையன்ட் கால்ல நாம "ஹலோ"ன்னு ஆரம்பிச்சதும் அந்தப் பக்கம் ஒரு நொடி தயங்குறாங்களே, அந்தத் தயக்கத்துக்குப் பின்னாடி இந்தக் கதையும் கொஞ்சம் இருக்கு.

இந்தத் திருட்டு ஆரம்பத்துல இந்தியாவுலேர்ந்து வரல, போன்லயும் வரல. 2005 வாக்குல பிரவுசிங் சென்டர்ல உக்காந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். திடீர்னு ஒரு பெட்டி திறந்து "உங்க கம்ப்யூட்டர்ல 247 வைரஸ்"ங்கும். வின்ஃபிக்ஸர், ஸ்பைஷெரிஃப், அப்புறம் ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008. அத்தனையும் டுபாக்கூர். காசு கொடுத்து வாங்கினா அதுவே வச்ச பயத்தை அதுவே எடுத்துடும், அவ்ளோதான். இதுல பெரிய கை இன்னவேட்டிவ் மார்க்கெட்டிங்னு ஒரு கம்பெனி. பதிவு பெலிஸ் நாட்டுல, வேலை நடந்தது உக்ரைன் தலைநகர் கீவ்ல. அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2008 டிசம்பர்ல அவங்க மேல வழக்கு போட்டுச்சு. 2010-ல சிகாகோவுல குற்றப்பத்திரிகை: அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 10 கோடி டாலருக்கு மேல நஷ்டம்.

அந்தக் குற்றப்பத்திரிகையில என்னைப் பிடிச்சு இழுத்த விஷயம் வேற. அவங்களுக்கு ஒரு கால் சென்டரும் இருந்தது, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல. "காசு கட்டினேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு கூப்பிடுறவங்களைச் சமாதானப்படுத்தி, புகார் கொடுக்கப் போகாம தடுக்குறதுதான் அதோட வேலை. பயமுறுத்த ஒரு சாஃப்ட்வேர், சமாதானப்படுத்த ஒரு மனுஷக் குரல். அடுத்து வந்தவங்க சாஃப்ட்வேரைத் தூக்கிப் போட்டுட்டு குரலை மட்டும் வச்சுக்கிட்டாங்க!

யோசிச்சுப் பாருங்க, சாஃப்ட்வேர் எழுதுறது செலவு. ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சு பிளாக் பண்ணுவான், திரும்ப மாத்தி எழுதணும். மனுஷன் பேசுறதை எந்த ஆன்டிவைரஸும் பிடிக்காது. 2008 வாக்குல இதுக்கு வேண்டிய சாமானெல்லாம் ஒண்ணா வந்து சேந்துடுச்சு. இன்டர்நெட் வழியா போன் பேசுறது கிட்டத்தட்ட ஓசி ஆயிடுச்சு, எந்த ஊர் நம்பர் வேணும்னாலும் போட்டுக்கலாம். லாக்மீஇன், அம்மி, டீம்வியூவர் மாதிரி தூரத்துலேர்ந்து கம்ப்யூட்டரை இயக்குற கருவி சுலபமா கிடைச்சது. வெளிநாட்டு டெலிபோன் டைரக்டரி கையில. எல்லாத்துக்கும் மேல, ராத்திரி ஷிஃப்ட்ல இங்கிலீஷ் பேசப் பழகின இளைஞர் பட்டாளம். பத்து வருஷமா பிபிஓ தொழில் உருவாக்கி வச்சது.

பிரிட்டன் பத்திரிகை கார்டியன் 2010 ஜூலையில இதைப் பத்தி எழுதினப்ப, இது 2008-லேர்ந்தே நடக்குதுன்னும், இந்தியக் கால் சென்டர்கள்லேர்ந்து வருதுன்னும் சொல்லிடுச்சு. கல்கத்தா அப்பவே கதையில வந்தாச்சு.

சரி, போன்ல என்னதான் பண்ணாங்க? நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சுவாரசியமான இடம் இதுதான். முதல் படி எப்பவும் ஒண்ணுதான்: "கீபோர்டுல கண்ட்ரோல் பட்டன் பக்கத்துல ஒரு ஜன்னல் படம் போட்ட பட்டன் இருக்கா? அதையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்குங்க." ரன் பெட்டி திறக்கும். அதுல அவங்க சொல்ற எழுத்தை ஒண்ணொண்ணா அடிச்சா ஈவென்ட் வியூவர் வரும்.

ஈவென்ட் வியூவரை ஒரு தடவையாவது பாத்தவங்களுக்குத் தெரியும். சிவப்புல எர்ரர், மஞ்சள்ல வார்னிங். நேத்து வாங்கின புது லேப்டாப்லகூட நூத்துக்கணக்குல கிடக்கும். பிரிண்டர் கிடைக்கலன்னா ஒரு எர்ரர், ஏதோ ஒரு சர்வீஸ் ஆரம்பிக்க ரெண்டு செகண்ட் லேட்டானா ஒரு வார்னிங். வீட்டு வாசல்ல யார் வந்தா போனாங்கன்னு வாட்ச்மேன் எழுதி வைக்கிற நோட்டு மாதிரி. பால்காரர் வந்தார், பூனை வந்துச்சுன்னு எழுதியிருக்கிறதைக் காட்டி "பாருங்க, எத்தனை திருடன்!"னு சொன்னா எப்படி இருக்கும்? அதேதான். இதுல சூட்சுமம் என்னன்னா, எர்ரர் எத்தனைன்னு அவன் சொல்றதில்ல. "நீங்களே எண்ணிச் சொல்லுங்க மேடம்"பான். அவங்க வாயாலயே "ஐயோ, ஆயிரத்துக்கு மேல இருக்கே"ன்னு சொல்ல வச்சாச்சுன்னா பாதி வியாபாரம் முடிஞ்சது.

இந்த டகால்டியையெல்லாம் தோலுரிச்சு 2012 வைரஸ் புல்லட்டின் மாநாட்டுல டேவிட் ஹார்லியும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வாசிச்சாங்க. "என் கம்ப்யூட்டர்ல 32,539 எர்ரர்"ங்கிறதுதான் தலைப்போட அர்த்தம். தலைப்புலயே மொத்தக் கதையும் இருக்கு.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச மோசடி (பிடிச்சன்னா, அதோட கிரிமினல் மூளைக்காக). "உங்க கம்ப்யூட்டருக்குன்னு ஒரு தனி லைசென்ஸ் நம்பர் இருக்கு, அது எங்ககிட்ட இருக்கு, சரிபாத்துக்கலாமா?"ன்னு கேப்பான். கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு கட்டளை அடிக்கச் சொல்வான். ஒரு நீளப் பட்டியல் ஓடி, கடைசிக்குப் பக்கத்துல ஒரு வரி வந்து நிக்கும். அவன் அந்தப் பக்கம் நிதானமா வாசிப்பான்: "எட்டு, எட்டு, எட்டு, டி, சி, ஏ, ஆறு, பூஜ்யம்..." கேக்குறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். அடேங்கப்பா, என் கம்ப்யூட்டரோட ரகசிய எண்ணை அமெரிக்காவுல உக்காந்து வாசிக்கிறானே, நிஜமாவே மைக்ரோசாஃப்ட்தான்!

அந்த எண் விண்டோஸ் இருக்கிற எல்லாப் பொட்டியிலயும் அதேதான். ஃபைலை ஜிப் பண்ணி அனுப்புற வசதிக்குள்ள உபயோகிக்கிற ஒரு அடையாள எண், அவ்ளோதான். என் ஆபீஸ் மெஷின்லயும் அதேதான் இருக்கு, நீங்க இதைப் படிக்கிறது விண்டோஸ்லன்னா உங்க மெஷின்லயும் இருக்கும். எல்லார் வீட்டு கேஸ் சிலிண்டர் மேலயும் அச்சடிச்சிருக்கிற எச்சரிக்கை வாசகத்தை வரி மாறாம ஒப்பிச்சு "பாத்தீங்களா, உங்க சிலிண்டரைப் பத்தி எனக்குத் தெரியும்"ங்கிற மாதிரி.

இன்னும் இருக்கு. நெட்ஸ்டாட் கட்டளை அடிச்சா "ஃபாரின் அட்ரஸ்"னு ஒரு பத்தி வரும். நெட்வொர்க் பாஷையில அதுக்கு அர்த்தம் அந்த முனையில இருக்கிற மெஷின், அவ்ளோதான். இவன் சொல்ற அர்த்தம்: வெளிநாட்டு ஹேக்கர்! ரன் பெட்டியில ப்ரீஃபெட்ச்னு எழுதி கூடவே "ஹிட்டன் வைரஸ்"னு ரெண்டு வார்த்தை அடிக்கச் சொன்னா, விண்டோஸ் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கிட்டு சாதாரண ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைத் திறக்கும். மிச்சத்தை விட்டுடும். பாக்குறவங்களுக்கு அது வைரஸ் குடோன். ட்ரீ கட்டளையை ஓட விட்டா ஃபோல்டர் பேரெல்லாம் சரசரன்னு ஓடும், பாக்க ஏதோ ஸ்கேன் நடக்கிற மாதிரியே இருக்கும். ஓடிட்டிருக்கும்போதே அவன் தூரத்துலேர்ந்து "வைரஸ் ஃபவுண்ட்"னு டைப் அடிச்சுடுவான். ஓடி முடிஞ்சதும் அந்த எழுத்து கடைசியில வந்து நிக்கும். ஸ்கேன் ரிசல்ட்டாம்!

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? இதுல எதுவுமே ஹேக்கிங் கிடையாது. ஒரு வரி கோடு கிடையாது. எல்லாமே விண்டோஸோட சொந்தக் கருவிங்க, எல்லாமே உண்மையைத்தான் காட்டுது. பொய் இருந்தது விளக்கத்துல மட்டும்.

முரண்டு பிடிச்சவங்களுக்கு சிஸ்கீ. பாஸ்வேர்டு இருக்கிற டேட்டாபேஸைப் பூட்ட என்.டி காலத்துல மைக்ரோசாஃப்ட் கொடுத்த கருவி அது. பேசிக்கிட்டே இருக்கும்போது இவங்க ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடுவாங்க. அடுத்த தடவை ஆன் பண்ணா விண்டோஸே வராது. காசு கட்டு, பாஸ்வேர்டு சொல்றேன். கடைசியில மைக்ரோசாஃப்ட் 2017-ல விண்டோஸ் 10-லேர்ந்து அதைத் தூக்கிடுச்சு. அதுக்கு அவங்க சொன்ன காரணங்கள்ல இந்த மோசடியும் ஒண்ணு.

2012 அக்டோபர்ல எஃப்டிசி ஒரே நேரத்துல ஆறு வழக்கு போட்டுச்சு. பெரும்பாலும் இந்தியாவுலேர்ந்து நடத்தினவங்க மேல. 49 டாலர்லேர்ந்து 450 டாலர் வரைக்கும் கறந்திருக்காங்கன்னு கணக்கு சொன்னாங்க. சொத்தை முடக்கினாங்க, போன் நம்பர்களை நிறுத்தினாங்க. அத்தோட முடிஞ்சுதா? ம்ஹூம். அடுத்த கட்டத்துக்குப் போயிட்டாங்க.

நாம கூப்பிட்டா சந்தேகப்படுறான், அவனையே நம்மளைக் கூப்பிட வச்சா? பிரவுசர்ல முழு ஸ்கிரீனையும் அடைச்சுக்கிட்டு நீலக் கலர்ல ஒரு பக்கம், சைரன் சத்தம், பொம்பளைக் குரல்ல எச்சரிக்கை, கீழே ஒரு இலவச போன் நம்பர். 2014-லேர்ந்து இதுதான் பெரிய வழி. பயந்துபோய் அவங்களே டயல் பண்ணி வரும்போது வாதாடவே வேண்டாம் பாருங்க, அவங்க ஏற்கனவே நம்பிட்டுத்தானே கூப்பிடுறாங்க. அமெரிக்காவுல ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எட்டு மாசம் இந்தப் பக்கங்களைப் பிடிச்சு, 60 மோசடிக்காரங்களோட தாங்களே பேசி 2017-ல முடிவை வெளியிட்டாங்க. சராசரியா கேட்ட தொகை 290 டாலர் சொச்சம். அந்த 60-ல 85 சதவீதத்துக்கு மேல இருந்த இடம்... வேற எது, நம்ம நாடுதான்.

இங்க கொஞ்சம் நிறுத்தி இன்னொரு பக்கத்தையும் சொல்லிடுறேன், இல்லன்னா இது பாதிக் கதை. எல்லாப் பழியும் நம்ம தலையில விழற மாதிரி எழுதுறது வெள்ளைக்காரப் பத்திரிகைகளுக்கு ஒரு பழக்கம். 2014 நவம்பர்ல எஃப்டிசி பிடிச்ச ரெண்டு பெரிய கூட்டமும் ஃப்ளோரிடாவுல இருந்தது. ரெண்டும் சேந்து அடிச்சது 12 கோடி டாலருக்கு மேல. அதைவிட அநியாயம் ஆபீஸ் டிப்போ. தெருவுக்குத் தெரு கடை இருக்கிற பெரிய கம்பெனி. இலவசமா கம்ப்யூட்டர் பரிசோதனைன்னு விளம்பரம். கடைக்காரர் முதல்ல நாலு கேள்வி கேப்பார்: மெதுவா ஓடுதா, பாப்-அப் வருதா, இப்படி. நாலுல எதுக்காவது ஆமான்னு சொன்னாப் போதும், "மால்வேர் அறிகுறி"ன்னு ரிசல்ட் வரும். நடுவுல ஓடின ஸ்கேனுக்கும் அந்த ரிசல்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல! மெதுவா ஓடாத கம்ப்யூட்டரை எவனாவது கடைக்குத் தூக்கிட்டுப் போவானா? சாஃப்ட்வேர் கொடுத்தது சப்போர்ட்.காம்ங்கிற அமெரிக்க கம்பெனி. 2019 மார்ச்ல ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும் சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டி வழக்கை முடிச்சுக்கிட்டாங்க. நாலு செக்-பாக்ஸுக்கு ஒரு இஃப் கண்டிஷன் எழுதின என்ஜினியர் யாரோ, அவர் கோடு ரிவ்யூவுல என்ன பதில் சொன்னாரோ.

நம்ம பக்கத்துலயும் கோடு அவ்வளவு தெளிவா இல்ல. குர்கான்ல ஐயோகின்னு ஒரு கம்பெனி இருந்தது. ஒளிஞ்சு நடத்தின கடை இல்ல, முதலீட்டாளர் பணம் போட்ட, பத்திரிகையில பேர் வந்த கம்பெனி. அவாஸ்ட் ஆன்டிவைரஸ் தன்னோட வாடிக்கையாளர் உதவியையே அவங்ககிட்ட கொடுத்திருந்தது. உதவி கேட்டுக் கூப்பிட்டவங்ககிட்ட இல்லாத பிரச்சினையைச் சொல்லி வருஷ பேக்கேஜ் தள்ளுறாங்கன்னு பிரையன் க்ரெப்ஸ் 2012 மார்ச்ல எழுதினதும் அவாஸ்ட் உறவை முறிச்சுக்கிச்சு. 2015 டிசம்பர்ல வாஷிங்டன் மாநில அரசு வழக்குத் தொடுத்துச்சு. நேர்மையான சப்போர்ட் வேலை எங்க முடியுது, திருட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு உள்ள உக்காந்து போன் பேசுற பையனுக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா முதல் நாளே தெரிஞ்சிருக்காது.

இதை எப்படிச் சொல்றேன்னா, காலேஜ்ல என்கூடப் படிச்ச ஒருத்தன் (பேர் வேணாம்) 2019-ல பாஸ் அவுட் ஆகி, கேம்பஸ்ல எதுவும் கிடைக்காம, டெல்லி பக்கம் ஒரு இடத்துல "இன்டர்நேஷனல் டெக் சப்போர்ட்"னு வேலைக்குப் போனான். எட்டு பேப்பர் அரியர் வச்சு க்ளியர் பண்ணவன், வீட்டுல தங்கச்சி கல்யாணக் கடன் வேற. முதல் வாரம் ட்ரெயினிங். ஈவென்ட் வியூவர்ல சிவப்பு எர்ரரை "எப்படிக் காட்டணும்"னு சொல்லிக் கொடுத்தப்பவே அவனுக்கு உறைச்சிருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவனாச்சே! ஆளுக்கொரு வெள்ளைக்காரப் பேர், கையில பிரிண்ட் எடுத்த ஸ்கிரிப்ட். வித்தவன் எழுந்து மணி அடிக்கணும், எல்லாரும் கை தட்டணும். பக்கத்து சீட்டுப் பையன் ப்ளஸ் டூ, அவனுக்கு அந்த எர்ரரெல்லாம் நிஜம்னே நம்பிக்கையாம். "அண்ணா, பாவம்ணா அந்தப் பாட்டி, எவ்ளோ வைரஸ்"னு இவன்கிட்டயே இந்தியில வருத்தப்பட்டிருக்கான்.

பதினோராவது நாள் லைவ் கால். மறுமுனையில ஒரு வயசான அம்மா. எழுத்துக் கூட்டி டைப் அடிக்க அரை மணி நேரம் ஆச்சாம். நடுவுல "ஒரு நிமிஷம் இரு, பூனைக்குச் சாப்பாடு வச்சுட்டு வந்துடுறேன்"னு போயிருக்காங்க. அந்த ஒரு நிமிஷத்துல ஹெட்செட்டைக் கழட்டி வச்சுட்டு எழுந்து வந்துட்டான். சம்பளமும் வாங்கல, கொடுத்த ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்க மூணு மாசம் அலைஞ்சான். வீட்டுக்கு இன்னிக்கு வரைக்கும் சொன்ன காரணம், "சாப்பாடு ஒத்துக்கல".

அவன் ஒருத்தன் எழுந்து வந்தான்கிறதுக்காக அந்த ஃப்ளோர் நின்னுடல. போலீஸ் நடவடிக்கையும் இருக்கத்தான் செஞ்சது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த புகார்ல 2018 அக்டோபர், நவம்பர்ல டெல்லியிலயும் குர்கான், நொய்டாவுலயும் ரெண்டு டஜனுக்கும் மேல கால் சென்டர்கள்ல ரெய்டு. 2023 அக்டோபர்ல சிபிஐ "ஆபரேஷன் சக்ரா-2"ன்னு 76 இடத்துல சோதனை போட்டுச்சு, அதுல மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களும் அடக்கம். இருந்தும் ஏன் நிக்கல? ஏமாந்தவர் ஒஹையோவுல இருக்கார், நம்ம ஊர் ஸ்டேஷன்ல வந்து யார் புகார் எழுதிக் கொடுக்கிறது? ஐ.டி சட்டம் 66டி-ல ஆள்மாறாட்ட மோசடிக்கு அதிகபட்சம் மூணு வருஷ ஜெயில், ஜாமீன்ல வெளிய வரலாம். ஒரு இடத்துல ஷட்டரை இறக்கினா நாலு தெரு தள்ளி அதே கம்ப்யூட்டர், அதே ஹெட்செட்.

வெறும் பயமுறுத்தல் போதாம உண்மைத் தகவலையும் வச்சு விளையாடினது டாக்டாக் விவகாரம். பிரிட்டன்ல டாக்டாக்னு ஒரு இன்டர்நெட் கம்பெனி. அவங்க வாடிக்கையாளர்களுக்கு வந்த மோசடி அழைப்புல பேரு, கணக்கு எண் எல்லாம் சரியா இருந்திருக்கு. எப்படி? அவங்களுக்கு கால் சென்டர் வேலை செஞ்சது கல்கத்தாவுல விப்ரோ. 2016 ஜனவரியில அங்க வேலை பாத்த மூணு பேரைக் கைது பண்ணாங்க. 21,000 பேர் வரைக்கும் விவரம் வெளிய போற அளவுக்கு அந்த இணைய வாசலைத் திறந்து போட்டதுக்காக 2017-ல டாக்டாக்குக்கு ஒரு லட்சம் பவுண்ட் அபராதம். அதனால "என் பேரு, கணக்கு நம்பர் எல்லாம் கரெக்டா சொன்னானே"ங்கிறது ஆதாரமே இல்ல.

காசு வாங்குற விதமும் மாறிடுச்சு. கிரெடிட் கார்டுல வாங்கினா பேங்க் திருப்பிப் பிடுங்கிடும்னு கிஃப்ட் கார்டுக்குப் போனாங்க. அப்புறம் வந்தது ரீஃபண்ட் நாடகம். "எங்க கம்பெனியை மூடுறோம், நீங்க கட்டின 300 டாலரைத் திருப்பித் தரோம், பேங்க் பக்கத்தைத் திறங்க." ஸ்கிரீனைக் கறுப்பாக்கிட்டு, பிரவுசர்ல எஃப்12 தட்டி, பேலன்ஸ்ல ரெண்டு பூஜ்யம் சேத்துடுவான். வெப் டெவலப்பர் பயலுக தினம் பண்றதுதான், பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணா போயிடும். ஆனா பாக்குறவருக்குக் கணக்குல 30,000 வந்து விழுந்த மாதிரி இருக்கும். உடனே அழுகை ஆரம்பம்: "ஐயோ, தப்பா போட்டுட்டேன், என் வேலை போயிடும், மிச்சத்தை அனுப்பிடுங்க சார், எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு." இங்க ஏமாந்தவங்க பேராசைக்காரங்க இல்லங்கிறதை நல்லா கவனிங்க. அடுத்தவன் காசு நமக்கு வேணாம்னு திருப்பிக் கொடுக்க நினைச்ச யோக்கியர்கள். பேராசைப்பட்டாத்தான் ஏமாறுவாங்கன்னு சொல்றவங்க இந்தக் கேஸைக் கொஞ்சம் படிக்கணும்.

எஃப்பிஐ கணக்கைப் பாத்தா தலை சுத்தும். 2017-ல சுமார் 11,000 புகார், நஷ்டம் கிட்டத்தட்ட 1.5 கோடி டாலர். 2020-ல 14.6 கோடி. 2023-ல 37,560 புகார், 92.4 கோடி டாலர். புகார் மூணு மடங்குதான் ஏறியிருக்கு, பணம் அறுபது மடங்கு. அந்தப் பணத்துல பாதிக்கு மேல அறுபது வயசு தாண்டினவங்களோடது. 290 டாலர் வாங்கிட்டு விட்ட காலம் மலையேறிப் போச்சு. இப்ப முதல்ல டெக் சப்போர்ட், அப்புறம் "பேங்க் அதிகாரி", அதுக்கப்புறம் "அரசாங்க அதிகாரி"ன்னு மூணு பேர் மாத்தி மாத்திப் பேசி மொத்தச் சேமிப்பையும் வழிச்சு எடுக்குறாங்க. வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி ரொக்கமும் தங்கக் கட்டியும் வாங்கிட்டுப் போறாங்கன்னு 2024 ஜனவரியில எஃப்பிஐ எச்சரிக்கை விட்டுச்சு.

இந்த மூணு ஆள் நாடகம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம ஊர் "டிஜிட்டல் அரெஸ்ட்"டும் இதே இலக்கணம்தான். கொரியர்காரன், போலீஸ்காரன், சிபிஐ-காரன். 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல அதைப் பத்திப் பேசுற நிலைமை வந்துச்சு. வெள்ளைக்காரப் பாட்டியைத்தான் ஏமாத்துறாங்கன்னு நாம நினைச்சிட்டிருந்தோம். ஆனா 2021-ல மைக்ரோசாஃப்ட் எடுத்த சர்வேயில இந்தியாவுல 69 சதவீதம் பேருக்கு இந்த டெக் சப்போர்ட் தூண்டில் வந்திருக்கு, 31 சதவீதம் பேர் பணத்தை விட்டிருக்காங்க. சர்வே எடுத்த நாடுகள்லயே அதிகம் நாமதான். அதுலயும் அதிகமா மாட்டினது நம்ம வயசுக்காரங்க! நெட்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடுவோம், முதல்ல வர்ற டுபாக்கூர் நம்பருக்குக் கூப்பிடுவோம், எனிடெஸ்க் போடச் சொன்னா போட்டுடுவோம். ரிசர்வ் பேங்க் 2019 பிப்ரவரியிலயே எனிடெஸ்க் பேரைச் சொல்லி எச்சரிச்சது.

"எனக்கெல்லாம் தெரியும்"னு உதார் விடுறவங்களுக்கு ஜிம் பிரவுனிங் கதை. அந்தப் புனைபேர்ல இருக்கிற வட அயர்லாந்துக்காரர், யூடியூப்ல மோசடிக்காரங்களை அவங்க ஆட்டத்துலயே மடக்குறவர். குர்கான் கால் சென்டர் ஒண்ணோட சிசிடிவி கேமராவுக்குள்ளயே புகுந்து அவர் எடுத்ததை பிபிசி 2020 மார்ச்ல ஒளிபரப்புச்சு. அப்பேர்ப்பட்டவரையே 2021 ஜூலையில யூடியூப் சப்போர்ட்னு சொல்லி ஒருத்தன் ஏமாத்தி, அவர் கையாலயே அவர் சேனலை அழிக்க வச்சுட்டான். அப்புறம் சேனலை மீட்டுட்டார்னு வைங்க.

என் பெரியப்பா மின்வாரியத்துல ரிட்டயர்ட் ஆனவர், பாளையங்கோட்டையில இருக்கார். போன வருஷம் ஒருநாள் மத்தியானம் போன்: "ஏலே, இந்த லேப்டாப்ல ஒருத்தி விடாம கத்திக்கிட்டே இருக்கா. நம்பர் போட்டுருக்கு, கூப்பிடவா?" பின்னாடி சைரன் சத்தம் எனக்கே கேக்குது. "பெரியப்பா, நிஜமான எர்ரர்ல போன் நம்பரே இருக்காது. எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க"ன்னேன். முழு ஸ்கிரீன் சின்னதாச்சு, மூலையில பெருக்கல் குறி வந்துச்சு. மூடினார். அது வரலன்னா பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சு அணைச்சாலும் போதும், திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவான்னு கேட்டா வேணாம்னு சொல்லிடணும். வைஃபையை நிறுத்திட்டா அவன் கையும் அறுந்துடும். ஒருவேளை ஏற்கனவே உள்ள விட்டுட்டோம்னா முதல்ல அதைத்தான் செய்யணும். அப்புறம் வேற ஒரு மெஷின்லேர்ந்து பாஸ்வேர்டெல்லாம் மாத்தணும், பேங்குக்குச் சொல்லணும், உடனே 1930-க்குக் கூப்பிடணும். எவ்ளோ சீக்கிரம் கூப்பிடுறோமோ அவ்ளோ தூரம் பணத்தை வழியிலயே நிறுத்த வாய்ப்பு இருக்கு.

இதையெல்லாம் போன்ல சொல்லிட்டு, "ஏன் பெரியப்பா, அந்த நம்பருக்குக் கூப்பிடாம எனக்குக் கூப்பிட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"பதினோரு நம்பர் இருந்துச்சுலே. எஸ்டிடி காசு யாரு கொடுப்பா?"